படிக்கட்டில் நின்ற குழந்தை

புனித குழந்தை இயேசுவின் தெரேசா திருவிழா மறையுரை
(எசாயா 66:10-14, மத்தேயு 18:1-5)



இன்றைய முதல் வாசகத்தில் ஆண்டவர் பேசுகிறார். யாரிடம் பேசுகிறார்? பாபிலோனிலிருந்து திரும்பி வந்து, தங்கள் நகரம் இருந்த நிலையைப் பார்த்து மனம் உடைந்துபோன மக்களிடம். நாடுகளின் செல்வம் வெள்ளமாய்ப் பெருகி வரும் என்ற வாக்கும் அதில் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பால்குடிப் பிள்ளையை அணைத்துத் தூக்கிப்போவது போல, மடியில் போட்டுத் தாலாட்டுவது போல உங்களை வைத்துக்கொள்வேன் என்கிறார். தாய் பிள்ளையைத் தேற்றுகிறாளே, அப்படி நானே உங்களைத் தேற்றுவேன் என்கிறார். விண்ணையும் மண்ணையும் படைத்தவர் தம்மை யாரோடு சேர்த்துப் பேசுகிறார் பாருங்கள். அரசனோடு இல்லை, படைத்தலைவனோடு இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாய் நடக்கிற ஒரு பெண்ணோடு.

குழந்தை தெரேசாவை உங்களுக்குத் தெரியும். சிலுவையும் ரோஜாவும் ஏந்திய சுரூபம் நம்மில் பலருடைய வீட்டு மாடத்தில் இருக்கிறது. 24 வயதில், 1897-இல், லிசியே கார்மேல் மடத்தில் காசநோயால் இறந்தவர். 1925-இல் புனிதர் ஆனார். 1997-இல் திருஅவையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்டார். அவருடைய திருவிழாவில் நான் பேச ஆசைப்படுவது அவரைப் பெற்ற அம்மாவைப் பற்றி. அவர் பெயர் செலி மார்ட்டின். 2015 அக்டோபர் 18 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரையும் அவர் கணவர் லூயியையும் சேர்த்தே புனிதர்களாக அறிவித்தார். கணவனும் மனைவியும் தம்பதியாகவே புனிதர் பட்டம் பெற்றது திருஅவை வரலாற்றில் அதுதான் முதல்முறை.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தெரேசா பிறந்தது 1873 ஜனவரி 2. தாய் இறந்தது 1877 ஆகஸ்ட் 28. நாலு வயதும் எட்டு மாதமும் ஆன பிள்ளையை விட்டுவிட்டு அந்தத் தாய் போய்விட்டார். அந்தக் காலம் முழுவதும் பிள்ளை தாயின் கையில் இருந்ததா என்றால், இல்லை. பிறந்து இரண்டு மாதத்தில் பிள்ளை நோயில் விழுந்தது. தாய்க்குப் பாலூட்ட உடம்பு இடம் தரவில்லை. தாய்ப்பால் ஒன்றுதான் பிள்ளையைக் காப்பாற்றும் என்று மருத்துவர் சொன்னதும், செலி விடியற்காலையில் தனியே நடந்து செமாலே என்ற சிற்றூருக்குப் போய், ரோஸ் என்கிற விவசாயக் குடும்பத்துப் பெண்ணின் காலைப் பிடிக்காத குறையாய்க் கேட்டு அழைத்து வந்தார். பிள்ளை பிழைத்தது. ஆனால் ரோஸின் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வளர்ந்தது. 1874 ஏப்ரலில்தான் வீடு திரும்பியது. ஆக, தெரேசாவோடு ஒரே கூரையின் கீழ் அந்தத் தாய் வாழ்ந்தது ஏறக்குறைய மூன்றரை ஆண்டு. அதற்குள் என்ன கொடுத்துவிட முடியும் என்று நாம் கேட்போம். திருஅவையின் மறைவல்லுநர் ஒருவர் அந்த மூன்றரை ஆண்டிலிருந்துதான் வந்தார்.

செலி வேலைவெட்டி இல்லாமல் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்த சீமாட்டி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய சிறுவயது வறண்டது. கண்டிப்பான வீடு. ஒரு சின்னப் பொம்மைகூடத் தனக்குக் கிடைத்ததில்லை என்று பிற்காலத்தில் எழுதினார். கன்னியர் மடத்தில் சேரப் போனார், சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு பிரான்ஸ் நாட்டின் அலான்சோன் நகரத்துக்கே பேர்போன லேஸ் பின்னல் தொழிலைக் கற்று, இருபது இருபத்தொரு வயதிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அந்த லேஸை மெல்லிய நூலும் ஊசியும் கொண்டு கையாலேயே பின்ன வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகும் என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. 2010-இல் அந்தக் கைவேலையை உலகப் பண்பாட்டு மரபாகவும் அறிவித்திருக்கிறது. பெண்கள் தங்கள் வீடுகளில் பின்னிய துண்டுகளை வியாழக்கிழமைகளில் செலியின் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அவற்றைத் தையல் வெளியே தெரியாதபடி ஒன்றோடொன்று இணைக்கிற நுணுக்கமான வேலை செலியுடையது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண் எரிய எரிய, இரவு வெகு நேரம் வரை. விடிந்தால் ஐந்தரை மணித் திருப்பலி. ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார். நாலு பேரைச் சின்ன வயதிலேயே புதைத்தார்.

இதைக் கேட்டதும் நம் ஊர்த் தாய்மாரின் நினைவு எனக்கு வராமல் இருக்குமா? தென்காசிப் பக்கம் நம் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளகு. சுளகில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் வெட்டிய இலை. பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்து, வெட்டிப்போட்ட இலைத் துண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறது. கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய எண்ணிக்கை தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளை ஏதோ கேட்கும். கை நிற்காது. "சாமி, பிள்ளையோட உட்கார எனக்கு நேரம் எங்க இருக்கு?" என்று வீடு சந்திக்க வரும்போது பல அம்மாமார் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தாயே, உங்களைப் போன்ற ஒருத்திதான் பீடத்தில் வைத்து வணங்கப்படுகிற புனிதை. அவருக்கும் நேரம் இருக்கவில்லை. லேஸ் ஆர்டர்களுக்குத் தான் அடிமையாகிப்போனதாகக் கடிதங்களில் அவரே நொந்து எழுதியிருக்கிறார்.

அந்தக் கடிதங்கள் இருநூறுக்கும் மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஊருக்காக எழுதப்பட்டவை அல்ல அவை. உறைவிடப் பள்ளியில் படித்த மகள் பவுலினுக்கும், தம்பிக்கும், தம்பி மனைவிக்கும் இரவில் தூக்கக் கண்ணோடு எழுதியவை. லேஸ் விற்ற கதையும், யாருக்குக் காய்ச்சல் என்பதும், சின்னவள் இன்று என்ன சொன்னாள் என்பதும் அவற்றில் கலந்து கிடக்கும். தோட்டத்தில் அப்பா கட்டிய ஊஞ்சலில் சின்னவள் பெரிய மனுஷி மாதிரிப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள், வேகமாய் ஆட்டாவிட்டால் கத்துகிறாள் என்று எழுதுகிறார். "அம்மா, நீங்க செத்துப்போனா நல்லா இருக்கும்" என்று பிள்ளை கொஞ்சிய கதையை எழுதுகிறார். கோபித்துக்கொண்டால், மோட்சத்துக்குப் போக வேண்டுமென்றால் சாக வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அது பதில் சொல்கிறது.

இவற்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். தெரேசாவுக்கு இரண்டு மூன்று வயது. அந்த வீட்டில் மாடிக்குப் போகப் படிக்கட்டு. பிள்ளை தனியே ஏறும். ஆனால் சும்மா ஏறாது. முதல் படியில் கால் வைத்து "அம்மா!" என்று கூப்பிடும். கீழேயிருந்து அம்மா பதில் கொடுக்க வேண்டும். அடுத்த படி. மறுபடி "அம்மா!" மறுபடி பதில். எத்தனை படியோ அத்தனை அம்மா. ஏதோ வேலை நினைப்பில் ஒரு படிக்குத் தாய் பதில் சொல்ல மறந்துவிட்டால், பிள்ளை மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. அந்தப் படியிலேயே நிற்கும்.

தாய் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினார் என்று கடிதத்தில் இல்லை. பிள்ளையைத் தூக்கி மேலே கொண்டுபோய் விட்டதாகவும் இல்லை. "என்னம்மா, சொல்லு கண்ணு" என்கிற மாதிரி ஒரு பதில். ஒவ்வொரு படிக்கும் ஒன்று. அந்தப் பதிலுக்காகத்தான் பிள்ளை நின்றது. ஊசியும் நகரும், பதிலும் போகும். ஆனால் பதில் அந்தப் பிள்ளைக்கே உரியதாய், உண்மையாய்ப் போக வேண்டும். பிள்ளைக்கு அது தெரியும்.

இப்போது 1897-க்கு வாருங்கள். தெரேசா கார்மேல் மடத்தில் சாகக் கிடக்கிறார். மடத்துத் தலைவி கேட்டபடி தன் ஆன்ம வரலாற்றின் கடைசிப் பகுதியை எழுதுகிறார். புனிதத்தின் படிக்கட்டு செங்குத்தானது, அதில் ஏற நான் மிகவும் சின்னவள் என்று அவர் மனதில் ஓடுகிறது. பணக்காரர் வீடுகளில் அப்போது லிஃப்ட் வரத் தொடங்கியிருந்தது. கடவுளிடம் போக அப்படி ஒரு லிஃப்ட் கிடைக்காதா என்று மறைநூலைத் தேடிப் பார்க்கிறார். அவருக்கு எது கிடைத்தது தெரியுமா? நாம் சற்றுமுன் முதல் வாசகமாகக் கேட்ட அதே எசாயா 66-ஆம் அதிகாரம். தாய் தேற்றுவது போல் தேற்றுவேன், மடியில் வைத்துத் தாலாட்டுவேன் என்கிற அந்த இடம். இயேசுவே, உம் கரங்கள்தான் எனக்கு லிஃப்ட் என்று அவர் கண்டுகொள்கிறார். நான் வளர வேண்டியதில்லை, இன்னும் சின்னவளாக வேண்டும் என்கிறார். உலகம் முழுதும் அவருடைய 'சிறு வழி' என்று சொல்கிறதே, அதன் இதயம் இதுதான். இன்றைய நற்செய்தியில் இயேசு ஒரு சிறு பிள்ளையை நடுவில் நிறுத்தி, இதைப் போல் ஆகாவிட்டால் விண்ணரசில் நுழைய மாட்டீர்கள் என்று சொன்னதும் இதைத்தான்.

அலான்சோன் வீட்டுப் படிக்கட்டை நினைத்துத்தான் அவர் அப்படி எழுதினார் என்று தெரேசா எங்கும் சொல்லவில்லை. ஆனால் தாயின் அந்தக் கடிதத்தை அவர் படித்திருந்தார். தன் வரலாற்றின் முதல் பகுதியில் அதை எடுத்தும் எழுதியிருக்கிறார். என்னால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கூப்பிட்டால் பதில் வரும் என்று ஒரு பிள்ளை மூன்று வயதில் கற்றுக்கொண்டுவிட்டால், இருட்டு வரும்போதும் அது கூப்பிடும். தெரேசாவுக்கு இருட்டு வந்தது. கடைசி ஒன்றரை ஆண்டு மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்கிற சோதனை அவரைப் போட்டு வதைத்தது. அப்போதும் அவர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. செபம் சொல்லிக்கொடுக்க நாம் மறைக்கல்வி வைத்திருக்கிறோம், மனப்பாடம் செய்யப் புத்தகம் வைத்திருக்கிறோம், எல்லாம் நல்லதே. அதற்கு முன்பே, பேச்சு திருந்தாத வயதில், பிள்ளைக்குச் செபத்தின் முதல் பாடத்தைத் தாய்தான் நடத்துகிறார். கூப்பிட்டதற்குப் பதில் கொடுத்து நடத்துகிறார்.

அதனால்தான் எனக்கு ஒரு விஷயம் வருத்தமாக இருக்கிறது. வீடு சந்திக்க வரும்போது பார்க்கிறேன். பிள்ளை நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டு வந்து "அம்மா, இங்க பாரேன்" என்கிறது. அம்மாவின் கண் கைபேசியில் இருக்கிறது. "ம்ம்... சூப்பர்டா" என்கிறார். பிள்ளை போகாது. முந்தானையைப் பிடித்து இழுக்கும். நோட்டைத் திரைக்கும் முகத்துக்கும் நடுவில் கொண்டுவந்து நீட்டும். சில பிள்ளைகள் அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பதைக்கூடக் கண்டிருக்கிறேன். வயிற்றுப்பாட்டு வேலை நம் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்குக் கடவுளிடம் கணக்குச் சொல்லலாம். கையில் இருக்கிற அந்தச் சின்னக் கருவி எடுத்துக்கொள்கிற நேரத்துக்கு என்ன கணக்குச் சொல்வோம்? அப்பாமாருக்கும் சேர்த்தே கேட்கிறேன். உங்களைத் திட்டுவதற்காக இல்லை. அந்தப் பிள்ளை படியில் நின்றுகொண்டிருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன்.

குவைத்திலும் சவுதியிலும் செவிலியர் வேலைக்குப் போன நம் பங்குப் பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, இரவுப் பணி முடிந்ததும் வீடியோவில் முகம் பார்க்கிறவர்கள். இந்த மறையுரை அவர்கள் காதுக்குப் போனால் நெஞ்சு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். செலியும் ஓராண்டுக்கு மேல் பிள்ளையை இன்னொரு பெண்ணின் மடியில் விட்டுத்தான் பிழைக்க வைத்தார். வீட்டுக்குக் கூட்டி வந்தால் பிள்ளை ரோஸைக் கேட்டுத்தான் அழுதது. பெற்றவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அவர் ரோஸின் மேல் பொறாமைப்படவில்லை, நன்றியோடு இருந்தார். பவுலடியார் திமொத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது, தாய் யூனிக்கியின் பெயருக்கு முன் பாட்டி லோயியின் பெயரைத்தான் வைக்கிறார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பாட்டிமாரே, முட்டிவலியோடு அந்தப் பிள்ளையின் பின்னால் ஓடுகிறீர்களே, உங்கள் பெயரும் வேதத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செலி எல்லாவற்றையும் சரியாகச் செய்த தாய் அல்ல. மூன்றாவது மகள் லெயோனி. நோஞ்சான், பிடிவாதம், படிப்பு ஏறவில்லை; பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்தும் தாயோடு ஒட்டவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறதே என்று செலி ஆண்டுக்கணக்கில் அழுதார். 1877-இல், புற்றுநோய் முற்றி, இனிப் பிழைக்க வழியில்லை என்று தெரிந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. வீட்டோடு நெடுநாள் இருந்த பணிப்பெண் லெயோனியைத் திரைமறைவில் மிரட்டி, அடக்கி, தாயிடம் போகவிடாமல் வைத்திருந்தாள். ஒரே வீடு. அம்மா ஜன்னலோரம் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை.

தெரிந்ததும் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. 'காலம் போய்விட்டதே' என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. மிச்சம் இருந்தது ஐந்தாறு மாதம். லெயோனியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அதுவரை சாவைப் பற்றி அமைதியாக எழுதியவர், இந்தப் பிள்ளைக்காகவாவது இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டுமே என்று எழுதத் தொடங்கினார். ஜூன் மாதம் அந்த நோய் உடம்போடு ரயிலேறி லூர்து மாதாவிடம் போனபோது மூத்த மகள்களோடு லெயோனியையும் கூட்டிப்போனார். குணம் கிடைக்கவில்லை. லெயோனியோ அம்மாவின் நிழல்போல ஒட்டிக்கொண்டாள். பிற்காலத்தில் மூன்று முறை மடத்தில் சேர்ந்து நிலைக்க முடியாமல் திரும்பி, 1899-இல் நான்காம் முறை கான் நகரத்து மடத்தில் சேர்ந்து, 1941-இல் இறக்கும்வரை அங்கேயே துறவியாக வாழ்ந்தார். இன்று அவருக்கும் அருளாளர் பட்டத்துக்கான பணிகள் நடக்கின்றன.

ஆகவே, பிள்ளை வளர்ந்துவிட்டான், எட்டாவது படிக்கிறான், இனிமேல் என்னிடம் பேச மாட்டான் என்று நினைக்கிற தாய் இங்கே இருந்தால், ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: லெயோனிக்கும் அப்போது பதினாலு வயதுதான். அந்த ஐந்தாறு மாதத்தைக் கடவுள் வீணாக்கவில்லை.

அப்பாமாருக்கு லூயியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கடிகாரக் கடை வைத்திருந்தவர். ஊரில் மரியாதையான தொழில். மனைவியின் வேலை பெருகியபோது, 1870-இல் தன் கடையை மருமகன் முறையானவரிடம் விற்றுவிட்டு, மனைவியின் லேஸ் கணக்கு வழக்கையும் வெளியூர் அலைச்சலையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில், அந்த நாட்டில் ஓர் ஆண் அப்படிச் செய்தார். பிள்ளையோடு இருக்கத் தாய்க்கு நேரம் இல்லை என்று நாம் குறைப்படுகிறோமே, அந்த நேரத்தை யார் உண்டாக்கிக் கொடுப்பது? தண்ணீர் பிடிக்கிற குடத்தில் ஒன்றை நீங்கள் தூக்கினால், ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரத்தை நீங்கள் கழுவினால், அந்தக் கால் மணி நேரம் பிள்ளைக்குப் போகும்.

நம் கோயிலும் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். திருப்பலியில் பிள்ளை அழுதால் பத்துத் தலை திரும்பிப் பார்க்கிறது. அந்தத் தாய் கூனிக்குறுகி வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்று, வேண்டுதலும் இல்லாமல் நற்கருணையும் இல்லாமல் திரும்பிப் போகிறார். சீடர்கள் பிள்ளைகளைத் தடுத்தபோது இயேசு கோபம் கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது, பிள்ளை பசித்து அழுதால் தயங்காமல் இங்கேயே பாலூட்டுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார். மைக்கேலாஞ்சலோ தீட்டிய கூரைக்குக் கீழே அது சரியென்றால், நம் ஓட்டுக்கூரைக்குக் கீழேயும் சரிதான். வருகிற ஞாயிறு முதல் பீடத்துக்கு வலப்பக்கம் முன்னால் இரண்டு பாய் விரித்திருக்கும். அது கைக்குழந்தைக்காரத் தாய்மாருக்கு. மின்விசிறிக்குக் கீழே உள்ள இடமும் அதுதான். வேறு யாரும் உட்கார வேண்டாம்.

கடைசியாக, பேசுவதற்குக் கடினமான ஒன்று. செலி நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் என்றேன். இரண்டு பையன்கள் ஒரு வயதுகூட நிரம்பாமல். ஒரு பெண் பிறந்து இரண்டு மாதத்தில். எலேன் என்ற மகள் ஐந்து வயதில், ஓடியாடிப் பேசித் திரிந்த வயதில். இந்தப் பிள்ளைகள் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று சிலர் ஆறுதல் என்ற பெயரில் சொன்னார்கள். செலியால் அந்தப் பேச்சைப் பொறுக்க முடியவில்லை. பட்ட பாட்டைத் தராசில் வைத்துப் பிள்ளைகளின் முடிவில்லாத வாழ்வோடு நிறுக்க முடியாது, அவர்களை நான் இழந்துவிடவில்லை, மறுபடி பார்ப்பேன் என்று உறுதியாய் எழுதினார். இந்தக் கோயிலிலும் அப்படிப்பட்ட தாய்மார் இருக்கிறீர்கள். ஒரு வாரம் வைத்திருந்தவர் உண்டு, முகம் பார்க்காமலே கொடுத்தவரும் உண்டு. "இன்னொண்ணு பொறக்கும், விடு" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வாரம் அந்தத் தாய்க்கு ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கை.

அடுத்த மாதம் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். வழக்கமாகக் குருக்களின் கல்லறையிலிருந்து மந்திரித்துக்கொண்டு போவோம். இந்த ஆண்டு கிழக்குச் சுவரோரம் இருக்கிற சின்னக் கல்லறைகளிலிருந்து தொடங்குவோம். பிள்ளைகளின் பெயர்களை வாசித்து செபிக்க விரும்புகிறேன். பெயரை எழுதிக் கோயில் பிள்ளையிடம் கொடுங்கள். பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட பிள்ளை என்றால் தாயின் பெயரை எழுதி 'இன்னாருடைய பிள்ளை' என்று போட்டால் போதும், அப்படியே வாசிப்பேன். எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் பரவாயில்லை. எண்பது வயதுப் பாட்டியும் எழுதிக் கொடுக்கலாம்.

இப்போது எழுந்து நிற்போம். இன்றைய மன்றாட்டுகளை நம் தாய்மார் வாசிக்கிறார்கள். பிள்ளை விடாது என்றால் தூக்கிக்கொண்டே மைக்குக்கு வாருங்கள்.